தானமாக வரும் தெருவுக்கு யார் செலவு செய்வது? பேரூராட்சிகளுக்கான நிதித் தாக்கக் கணக்கு

ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் நிலம் மனைப்பிரிவாகிறது. வாசலில் வளைவு, இரண்டு பக்கமும் வண்ணக் கொடிகள், உள்ளே பளபளக்கும் புதுத் தார்ச்சாலை. சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சி பெயருக்கு எழுதப்படுகின்றன. மன்றத்தில் தீர்மானம் நிறைவேறுகிறது. கட்டணமாக ஒரு தொகை கணக்கில் ஏறுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பத்திரம் பதிவான நாளிலிருந்து அந்தத் தெருக்களில் விளக்கு எரிவதும், குப்பை அள்ளுவதும், தார் பெயர்ந்த பிறகு திரும்பப் போடுவதும் பேரூராட்சியின் பாடு. கட்டணம் வருவது ஒரே ஒரு தடவை. தெருவோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேதான் இருக்கும்.

இந்த வரவையும் செலவையும் முன்கூட்டியே எடுத்துப் பார்ப்பதைத்தான் நிதித் தாக்கக் கணக்கு என்கிறோம். ஒரு நிலப் பயன்பாட்டு முடிவால் உள்ளாட்சியின் கஜானாவுக்கு ஆண்டுதோறும் என்ன வரும், என்ன போகும் என்பதுதான் கேள்வி. புதிதாக வந்த கவுன்சிலர், செயல் அலுவலர், ஊரமைப்பு படிக்கும் மாணவர், ஊர் விஷயத்தில் அக்கறை உள்ள எவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதைப் போட்டுவிடலாம். தமிழ்நாட்டுப் பேரூராட்சியை மனதில் வைத்து எழுதுகிறேன். நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் தலைப்புகள் கொஞ்சம் மாறும், வழி ஒன்றுதான்.

இந்த முறை அமெரிக்காவில் வளர்ந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பர்ச்செல், டேவிட் லிஸ்டோகின் இருவரும் 1978-ல் இதை ஆறு வழிகளாக வகுத்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு புதுக் குடியிருப்பு வந்தால் மிகப்பெரிய செலவு பள்ளிக்கூடம், அதை நடத்துவதில் உள்ளூர்ச் சொத்து வரிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பேரூராட்சிகளில் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் மாநில அரசின் கல்வித் துறை. அதனால் அவர்களுடைய படிவத்தை அப்படியே எடுத்து நிரப்பினால் நம் கணக்கு தப்பும். நமக்குப் பெரிய செலவு சாலை, தண்ணீர், குப்பை, விளக்கு, வடிகால்.

முதலில் எல்லையைக் கட்டுங்கள்

யாருடைய பணப்பை என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பேரூராட்சியின் கணக்கா, மாநில அரசின் கணக்கா, மனை வாங்குபவரின் கணக்கா? மூன்றையும் கலந்தால் ஒன்றும் புரியாது. மனை விற்பனையால் ஊரில் பணம் புரள்கிறது, கடைகளுக்கு வியாபாரம் கூடுகிறது, கொத்தனாருக்கு வேலை கிடைக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பொருளாதாரத் தாக்கம். பேரூராட்சியின் வங்கிக் கணக்கில் வந்து விழாத எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம் காலம். ஓராண்டுக் கணக்கு போட்டால் எல்லா மனைப்பிரிவும் லாபமாகவே தெரியும், ஏனென்றால் கட்டணம் முதல் ஆண்டில் வந்துவிடும், சாலை புதிதாக இருக்கும். குறைந்தது 20 ஆண்டுகளுக்குப் போடுங்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கடைசி மூன்று ஆண்டு வரவு செலவு அறிக்கை, சொத்து வரியின் கேட்பு (கட்டச் சொல்லிக் கேட்கும் தொகை) வசூல் நிலுவைப் பதிவேடு, தெருவிளக்கு மின் கட்டண ரசீதுகள், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்டும் தொகையின் விவரம், தூய்மைப் பணிக்கான ஒப்பந்தம், கடைசியாகப் போட்ட இரண்டு மூன்று சாலைகளின் மதிப்பீடு, மனைப்பிரிவின் வரைபடம். இவ்வளவும் அலுவலகத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து கேட்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்கலாம்.

வரைபடத்தில் எல்லோரும் மனைகளை எண்ணுவார்கள். நீங்கள் சாலையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கில் அதைவிட முக்கியமான எண் வேறு இல்லை.

வரவுப் பக்கம்

ஒரு தடவை வருவதையும் வருடா வருடம் வருவதையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். வளர்ச்சிக் கட்டணம், மனைப்பிரிவுக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், குடிநீர் இணைப்புக்கான வைப்புத்தொகை எல்லாம் முதல் தாள். சொத்து வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், கடைகள் வந்தால் தொழில் வரி, உரிமக் கட்டணம் இவை இரண்டாம் தாள். பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு சேர்ந்து வசூலாகும் சொத்து மாற்றக் கூடுதல் தீர்வையில் உள்ளாட்சிகளுக்குப் பங்கு உண்டு. அது மனை கைமாறும்போது மட்டும் வருவது, முதல் சில ஆண்டுகளில் நன்றாக வந்து பிறகு வற்றிவிடும்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

சொத்து வரி ரசீதில் இருக்கும் முழுத் தொகையும் நமதல்ல. அதோடு வசூலாகும் 10 விழுக்காடு நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது, கழித்துவிடுங்கள். கேட்புத் தொகையை வரவாக எழுதாதீர்கள், வசூல் விகிதத்தால் பெருக்கிய பிறகே எழுதுங்கள். காலிமனைக்கு அந்த விகிதம் இன்னும் குறைவாக வைக்க வேண்டும். மனை வாங்கிப் போட்டவர் வளைகுடாவில் இருப்பார், அல்லது பெங்களூரில். வரி அறிவிப்பை யார் கையில் கொடுப்பது?

வரி தானாக விலைவாசியோடு ஏறும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சென்னைக்கு வெளியே உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகு நிலைத்து நின்ற அடுத்த பொதுச் சீராய்வு 2022-ல்தான் நடந்தது. நடுவில் 2018-ல் உயர்த்தியது 2019-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஜல்லி, தார், கூலி எவ்வளவு ஏறின என்பதை ஒப்பந்தக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

மானியம் கூடுமே என்பார்கள். மாநில நிதிப் பகிர்வுக்கு முக்கியமாகப் பார்க்கப்படுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணிக்கை. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால் 2011-ன் எண்ணிக்கையே தொடர்ந்து நிற்கிறது. நேற்றுக் குடிவந்த 600 பேர் தண்ணீர் குடிப்பார்கள், குப்பை போடுவார்கள், ஆனால் மானியக் கணக்கில் அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் நடைமுறைக்கு வரும் வரை இந்தத் தலைப்பில் சுழியம் போடுவதே நேர்மை.

செலவுப் பக்கம்: சராசரியா, கூடுதலா?

சராசரி முறை என்று எளிய வழி ஒன்று இருக்கிறது. இன்றைய மொத்தச் செலவை மக்கள்தொகையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று கண்டு, புதிதாக வருவோர் எண்ணிக்கையால் பெருக்குவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் செலவு அப்படிச் சீராக ஏறுவதில்லை, படிக்கட்டு மாதிரி ஏறும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு பகுதியின் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் சேர்ந்து நாளொன்றுக்கு 2 லட்சம் லிட்டர் தரும், இப்போது 1 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் போகிறது என்று வைப்போம். முதலில் வரும் 100 வீட்டு மனைப்பிரிவை இருக்கும் தொட்டியே தாங்கிக்கொள்ளும், கூடுதல் செலவு சொற்பம். அடுத்து வருவது 50 வீடாக இருந்தாலும் புதுத் தொட்டி கட்டியாக வேண்டும். அந்தத் தொட்டியின் செலவு யார் தலையில்? கடைசியாக வந்தவர் தலையில் மொத்தத்தையும் ஏற்றுவது நியாயமில்லை. அதனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாகப் பார்க்காமல், அந்தத் திசையில் நிலுவையில் உள்ள எல்லா மனைப்பிரிவுகளையும் சேர்த்து ஒரு கணக்கு போடுங்கள்.

என் யோசனை இது: குப்பை, தெருவிளக்கு, அலுவலகச் செலவு போன்றவற்றுக்குச் சராசரி முறை போதும். தண்ணீர், சாலை, வடிகால் மூன்றுக்கும் களத்துக்குப் போய், பொறியாளரையும் குழாய் திறந்துவிடும் பணியாளரையும் கேட்டு, இந்த மனைப்பிரிவால் கூடுதலாக ஆகும் செலவை எழுதுங்கள். எந்தத் தெருவில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு என்று அந்தப் பணியாளருக்குத் தெரிந்த அளவு எந்தக் கோப்புக்கும் தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரசீதில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து ஏக்கர் என்றால் 4,35,600 சதுர அடி. சாலைக்கு 30 விழுக்காடு போகட்டும். மீதியில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி. எஞ்சியதை 1,800 சதுர அடி மனைகளாகப் பிரித்தால் ஏறக்குறைய 150 மனை. சாலையின் நீளம் 1.5 கிலோமீட்டர். வீட்டுக்கு நான்கு பேர் வீதம் நிறைந்த பிறகு 600 பேர்.

வரவு: வீட்டுக்கு ஆண்டுச் சொத்து வரி, நூலக வரி போக, 3,000 ரூபாய். மொத்தம் 4.5 லட்சம். குடிநீருக்கு மாதம் 100 ரூபாய், ஆண்டுக்கு 1.8 லட்சம். கேட்பு 6.3 லட்சம், வசூல் 85 விழுக்காடு, கைக்கு வருவது சுமார் 5.36 லட்சம்.

செலவு: 30 மீட்டருக்கு ஒன்றாக 50 விளக்கு. 30 வாட் எல்இடி, இரவு 12 மணி நேரம், யூனிட் 8 ரூபாய் என்றால் மின்சாரம் சுமார் 53,000 ரூபாய், பழுது பார்க்க 20,000. தண்ணீர், பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு வழக்கமான அளவுகோலான தலைக்கு 70 லிட்டர் வீதம், நாளுக்கு 42,000 லிட்டர், ஆயிரம் லிட்டருக்கு 12 ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 1.84 லட்சம். குப்பைக்கு ஒரு தூய்மைப் பணியாளர், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 2 லட்சம். கூட்டினால் 4.57 லட்சம்.

ஆக மிச்சம் 78,000 ரூபாய்க்கு மேல். இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுபவர்கள் அதிகம்.

சாலை இன்னும் எழுதப்படவில்லை. கிலோமீட்டருக்கு 40 லட்சம் வைத்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போடுவதாகக் கொண்டால் 60 லட்சம், ஆண்டுக்கு 6 லட்சம். இந்த ஒரு வரியை எழுதியவுடன் 78,000 மிச்சம் 5.2 லட்சம் பற்றாக்குறையாக மாறிவிடுகிறது. வீட்டுக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வீடொன்றுக்குச் சாலைத் தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 4,000 ரூபாய், அந்த வீடு கட்டும் சொத்து வரி 3,000. முதல் ஆண்டில் கட்டணமாக 10 லட்சம் வந்திருந்தால் அது இரண்டு வருடப் பற்றாக்குறைக்குக்கூடச் சரியாகக் காணாது. வடிகாலை நான் இன்னும் தொடவே இல்லை.

எந்த ஆண்டின் வரவு செலவு அறிக்கையிலும் இந்த 6 லட்சம் தெரியாது, ஏனென்றால் அதை யாரும் எடுத்து வைப்பதில்லை. பத்தாவது ஆண்டில் குண்டும் குழியுமாகத்தான் அது வெளியே தெரியும். அப்போது மக்கள் கவுன்சிலரைத் திட்டுவார்கள், கவுன்சிலர் அரசுத் திட்டத்தில் நிதி கேட்டு அலைவார். எனக்கு மனது வலிப்பது இங்கேதான். வரியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் பழைய தெருக்காரர்களின் பணம்தான் கடைசியில் அங்கே போகிறது.

நிறைய எத்தனை வருடம்?

மேலே போட்டது 150 வீடும் வந்த பிறகான கணக்கு. நம் ஊர்களில் மனை விற்பது வேகமாக நடக்கும், வீடு எழுவது மெதுவாக. மூன்றாம் ஆண்டில் 30 வீடுதான் வந்திருக்கிறது என்று வைத்துத் திரும்பப் போடுங்கள். வரி 30 வீட்டுக்கு, விளக்கு 50-ம் எரிய வேண்டும், குப்பை வண்டி எல்லாத் தெருவுக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும். மூன்று, ஏழு, பன்னிரண்டு, இருபது என்று நான்கு ஆண்டுகளுக்குப் போட்டால் போதும், படம் கிடைத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு அனுமானத்தையும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். வசூல் 85-க்குப் பதில் 70 விழுக்காடு என்றால் வரவு 4.41 லட்சமாகிறது, சாலையைச் சேர்க்கும் முன்பே கணக்கு இடிக்கிறது. எந்த எண்ணை அசைத்தால் முடிவு புரள்கிறதோ அந்த எண்ணைத்தான் மெனக்கெட்டுச் சரிபார்க்க வேண்டும். மற்றவற்றில் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை.

இரண்டு இடங்களை ஒப்பிடும்போதுதான் பயன்

ஒரு மனைப்பிரிவின் லாப நட்டத்தைத் தனியாகச் சொல்வதில் பெரிய பயன் இல்லை. அதே 150 குடும்பம் வேறு எங்கே, எப்படிக் குடியேறினால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே இன்னொரு பத்தி போடுங்கள். ஊருக்குள் காலியாகக் கிடக்கும் மனைகளில், இருக்கும் தெருக்களிலேயே அந்த வீடுகள் வந்தால் புதுச் சாலையும் இல்லை, புது விளக்கும் இல்லை. தண்ணீரும் குப்பையும் மட்டும் 3.84 லட்சம், வரவு அதே 5.36 லட்சம். ஒன்றரை லட்சம் மிஞ்சுகிறது. பழைய குழாயின் விட்டம் போதுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு எத்தனை மீட்டர் சாலை என்ற ஒரே கேள்வி பாதி வேலையைச் செய்துவிடும். நம் மனைப்பிரிவில் 1,500 மீட்டரை 150-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 10 மீட்டர். சுவரோடு சுவர் ஒட்டி, 18 அடி முகப்புடன், இருபுறமும் வீடுகள் உள்ள பழைய நெசவாளர் தெருவில் வீட்டுக்கு மூன்று மீட்டர்கூட வராது. அந்தக் காலத்துத் தெரு அமைப்பில் எவ்வளவு சிக்கனம் இருந்தது என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நானும் உணர்ந்தேன்.

விவசாய நிலத்தையும் ஒரு பத்தியாகச் சேருங்கள். வயலிலிருந்து பேரூராட்சிக்கு வரவு மிகக் குறைவு, செலவும் அப்படியே. அமெரிக்க வேளாண் நில அறக்கட்டளை பல ஊர்களில் எடுத்த கணக்குகளில் நடு மதிப்பாகக் கிடைத்தது இது: குடியிருப்பு கட்டும் ஒவ்வொரு டாலர் வரிக்கும் சேவைச் செலவு ஒரு டாலரைத் தாண்டுகிறது, விளைநிலத்துக்கு அரை டாலரும் ஆவதில்லை. அங்கே பள்ளிச் செலவு சேர்ந்திருப்பதால் அந்த எண்களை இங்கே எடுத்துப் போட முடியாது. ஆனால் சும்மா கிடக்கும் நிலம் ஊருக்குப் பாரம் என்ற எண்ணத்தை மறுபடி யோசிக்க அது போதும்.

முடிவை வைத்து என்ன செய்வது

நட்டம் வருகிறது என்று சொல்லி மன்றம் ஒரு மனைப்பிரிவை மறுத்துவிட முடியாது. விதிகளுக்கு உட்பட்டு விண்ணப்பித்தால் நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் தரும், சாலையும் பூங்காவும் ஒப்படைக்கப்பட்ட பிறகு உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தர வேண்டும். ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன.

தானப் பத்திரத்தை ஏற்கும் முன் சாலையை வெட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டினால் ஜல்லி எவ்வளவு கனம், கீழே மண் இறுக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். பத்து ஆண்டு நிற்க வேண்டிய சாலை நான்காவது மழைக்காலத்தில் போனால் மேலே எழுதிய 6 லட்சம் 15 லட்சமாகிவிடும். வரைபடத்தில் உள்ள அகலமும் களத்தில் உள்ள அகலமும் ஒன்றா, மழைநீர் எங்கே போய் விழுகிறது, பூங்கா இடம் பள்ளத்தில் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்து எழுதி வாங்குங்கள்.

ஒரு தடவை வரும் கட்டணத்தை நடப்புச் செலவில் கரைக்காமல், இந்தப் பகுதிகளின் அடிப்படை வசதிக்கென மன்றத் தீர்மானத்துடன் தனியாக வையுங்கள். ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கவோ திருத்தவோ ஆட்சேபணையும் யோசனையும் கேட்கும்போது, எந்தத் திசையில் வளர்ந்தால் குழாயும் சாலையும் தாங்கும் என்பதை இந்தத் தாளை இணைத்து எழுதிக் கொடுங்கள். நிலப் பயன்பாட்டை மாற்ற உண்மையான இடம் அதுதான். மனைப்பிரிவு விண்ணப்பம் மேசைக்கு வரும்போது பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும்.

அங்கீகாரமற்ற மனைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது, 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன, கட்டணம் கட்டிப் பலர் வரன்முறை செய்துகொண்டார்கள். மனைக்கு எண் கிடைத்தது. அகலமான சாலையும் பூங்காவும் பல இடங்களில் இனி கிடைக்கப் போவதில்லை. அங்கே வடிகால் கேட்டு நிற்கும் மக்களின் கோரிக்கை நியாயமானது, அதற்கான பணம் எங்கிருந்து என்பதைக் கணக்காக முன்வைத்தால்தான் பேச்சு நகரும்.

தவறாகப் பயன்படுத்திவிடாதீர்கள்

இந்தக் கணக்குக்கு ஒரு கெட்ட சரித்திரமும் உண்டு. சிறிய வீடு வரி குறைவாகக் கட்டும், பிள்ளைகள் அதிகம், ஆகவே பெரிய மனைகளுக்கு மட்டுமே அனுமதி என்று அமெரிக்கப் புறநகர்கள் பல சட்டம் போட்டு ஏழைகளை வெளியே நிறுத்தின. அப்படிச் செய்வது தவறு, ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு எளியவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975-ல் மவுண்ட் லாரல் வழக்கில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் வேறு மாதிரி. 1978-ல் மக்கள் வாக்களித்துச் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கிய பிறகு, நகரங்கள் வீட்டை விட்டுவிட்டு விற்பனை வரி தரும் பெரிய கடை வளாகங்களைத் தேடி ஓடின.

நம் ஊரிலும் ஆபத்து அதேதான். சிறிய வீட்டுக்கு வரி குறைவு என்பதால் நட்டம் என்று ஒரு வரியில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் சின்ன மனைக்குச் சாலை நீளமும் குறைவு என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள், பல தடவை கணக்கு நேர் எதிராக வரும். அப்படி வராவிட்டாலும்கூட, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மனைகளையோ அரசு வீட்டுத் திட்டத்தையோ எதிர்க்க இந்தத் தாளைக் கொண்டுபோகாதீர்கள். ரேஷன் கடையும் அங்கன்வாடியும் லாபத்துக்காக நடப்பவை அல்ல. எவ்வளவு பற்றாக்குறை வரும் என்று தெரிந்தால் அதை யாரிடம், எந்தத் திட்டத்தில் கேட்பது என்று திட்டமிடலாம். கணக்கின் வேலை அவ்வளவே.

மன்றத்தில் வைக்கும்போது

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் வரவு, செலவு, மிச்சம் அல்லது பற்றாக்குறை, நான்கு ஆண்டுகளுக்கு. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து எடுத்தது, எது அனுமானம் என்ற விவரம். கூட்டத்தில் யாராவது கிலோமீட்டருக்கு 40 லட்சம் அதிகம் என்பார், சரி, 30 போட்டுப் பார்ப்போம் என்று அங்கேயே போட்டுக் காட்டுங்கள். அப்போதும் பற்றாக்குறைதான், சுமார் 3.7 லட்சம். அனுமானத்தை ஒளித்து வைத்தால் சண்டை ஆளின் மேல் திரும்பும், திறந்து வைத்தால் எண்ணின் மேல் நிற்கும்.

தீர்மானத்துக்குப் பிறகு தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல் மனைப்பிரிவுக் கோப்பிலேயே தைத்து வையுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் அந்தத் தெருக்களில் ஒரு சுற்று நடந்து, எத்தனை வீடு எழுந்திருக்கிறது, எத்தனை விளக்கு எரிகிறது, தார் எப்படி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அந்தப் பத்தியிலிருந்து கணக்கைத் தொடங்கலாம்.